இரண்டாம் நாள் எண்ணிக்கை

வேலிப் பூவரசில் நூறு இலை வேண்டும் என்று மருமகன் கேட்டபோது நூற்றெட்டுப் பறித்துக் கொடுத்தேன். பூச்சி அரித்தது, பழுத்தது என்று எட்டை அவன் கழிக்கக்கூடும் என்று நினைத்தேன். அவன் எண்ணவில்லை. பையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "காணும் மாமா, இவ்வளவு போதும்" என்றான். எனக்கு அப்போதே மனதில் ஒரு குறை. நூறு கேட்டவன் நூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அவன் என் தங்கையின் மகன். வீடு உடுப்பிட்டியில். வேலை யாழ்ப்பாண நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில். உயர்தரம் படித்த காலத்தில் மானிப்பாயில் எங்கள் வீட்டில்தான் நின்றான். நான் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அவனுக்கும் நான்தான் படிப்பித்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முகப்பில் கேட்டதும் என் மனைவி அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். எனக்கு அந்தத் தண்ணீர் கேட்டால்தான் வைக்கப்படும்.

பூவரசம் இலைச் சாற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் விட்டால் வெள்ளி மிக மிகச் சிறிய துணிக்கைகளாகப் பிரிந்து மிதக்கும். நிறமில்லாத தண்ணீர் மெல்ல மெல்லப் பால் விடாத தேத்தண்ணி போல் ஆகிவிடும். அந்தத் துணிக்கைகளை நுணுக்குக்காட்டியிலும் காண முடியாது. நனோ துணிக்கைகள் என்று பெயர். புண்ணில் உள்ள கிருமிகளை அவை கொல்லும். அவற்றை வைத்து ஒரு களிம்பு செய்ய வேண்டும் என்பது மருமகனின் கனவு. "எங்கடை வேலியிலை நிக்கிற மரம் மாமா. எங்கடை சனம் சொறி சிரங்குக்குப் பூசின இலை. வெளிநாட்டுக்காரன் நஞ்சு போட்டுச் செய்யிறதை நாங்கள் இலையிலை செய்யிறம்" என்றான்.

"இலையிலை செய்தால் நஞ்சில்லையோ? அலரியும் இலைதான், திண்டால் ஆள் மிஞ்சாது" என்றேன்.

"அதைத்தான் சோதிக்கப் போறம். அதுக்குத்தான் நீங்கள் வேணும்."

கிருமியைக் கொல்லும் ஒன்று வேறு எதையெல்லாம் கொல்லும் என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. படிகளை அவனே எனக்குச் சொன்னான். முதற்படி, உப்பளங்களில் வாழும் ஒரு வகைச் சின்ன இறாலின் குஞ்சுகள். அடுத்தது, கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதத் தோலின் உயிர்க்கலங்கள். அதற்கு அடுத்தது எலி. எல்லாவற்றுக்கும் பிறகுதான் மனிதர், அதுவும் குழுவொன்று கூடி ஒப்புதல் தந்தால். ஒரு படியையும் தாண்டக் கூடாது என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். நான் அவனுக்கு மூலகங்களைப் படிப்பித்தபோது விரல் மடக்கியது போலவே.

இறால் குஞ்சுகளை எண்ண அவனுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். மாணவர்கள் களைத்துப்போய் ஏறக்குறைய ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்களாம். "ஏறக்குறைய எண்ட சொல்லே உங்கடை வாயிலை வராது. அதுதான் உங்களிட்டை வந்தனான்" என்றான்.

குசினிக்குள் இருந்து என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்ல ஆளைத்தான் பிடிச்சாய் தம்பி. உன்ரை மாமா கோயிலுக்குப் போனாலும் கும்பிடமாட்டார். விளக்கை எண்ணிக்கொண்டு நிப்பார்."

"எண்ணினால்தானே ஒண்டு நூந்து போனது தெரியும்" என்றேன்.

கடல்நீர் எடுக்கக் கீரிமலைக்குப் போவோம் என்று அவன் சொன்னபோது நான் தடுத்தேன். அங்கே கரையோரம் நன்னீர் ஊற்று. உப்பு ஒரே அளவாக இராது. இன்னும் கிழக்கே தள்ளிப் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பிளாஸ்டிக் கானில் நிறைத்து வந்தோம். வேட்டி நனைந்தது பற்றி வீட்டில் ஒரு வாரம் கதை இருந்தது.

எங்கள் முன்னறை மேசையில்தான் சோதனை நடந்தது. குஞ்சுகளின் முட்டைகள் மாப்போல ஒரு டப்பாவில் வந்தன. கடல்நீரில் தூவிவிட்டால் அடுத்த நாள் பொரித்துவிடும். புள்ளியளவு உயிர்கள். வெளிச்சத்தை நோக்கி நீந்தும். யன்னலோரம் குப்பியைப் பிடித்தால் எல்லாம் யன்னல் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டு துள்ளும். அவற்றைச் சொட்டுக் குழாயால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பிக்குப் பத்தாக விட்டோம். என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஐந்து நிற நூல் எடுத்து, நிறத்துக்கு மூன்று குப்பியாகக் கழுத்தில் கட்டினான். எந்த நிறத்தில் எதை விட்டான் என்பதை எனக்குச் சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரியக் கூடாது மாமா. தெரிஞ்சால் கண் மனம் போன பக்கம் போகும்."

"என்ரை கண் அப்பிடிப் போகாது."

"எல்லாருடைய கண்ணும் போகும். அதுதான் விதி."

எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. எண்ணுகிறவன் ஒன்றும் அறியாதவனாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு சுத்தம் இருந்தது. தேர்வுத் தாளில் பெயரை மறைத்துத் திருத்துவது போல.

அடுத்த நாள் அதே நேரம், மருமகன் வந்து பக்கத்தில் நிற்க, எண்ணினேன். அசைவில்லாத ஒன்றை உடனே செத்தது என்று எழுதக் கூடாது. உருப்பெருக்கும் வில்லையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் துடிக்கிறதா என்று மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டும். பார்த்தேன். நீலத்தில் முப்பதும் உயிர். மஞ்சளில் முப்பது. பச்சையில் முப்பது. சிவப்பில் இருபத்தொன்பது. கறுப்பில் பதினாறு. எண்ணி முடித்த பிறகு மருமகன் நூல்களின் மறைவை விலக்கினான். நீலம் வெறும் கடல்நீர். மஞ்சள், இலைச்சாறு மட்டும். பச்சை, சிவப்பு, கறுப்பு மூன்றும் வெள்ளித் துணிக்கைகள், ஏறுமுகமான அளவில்.

"கறுப்பு கடும் அளவு. அதை விடுவம். சிவப்புத்தான் எங்கடை களிம்பின்ரை அளவு. முப்பதுக்கு இருபத்தொன்பது மாமா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். மனைவி பால் தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொண்டு வந்து வைத்தாள். குப்பிகளைக் கழுவி வைத்துவிடச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

நான் கழுவவில்லை. துள்ளிக்கொண்டிருந்த உயிர்களைக் கிணற்றடியில் ஊற்ற மனம் வரவில்லை என்று சொன்னால் நல்லவனாகத் தெரிவேன். உண்மை அதுவல்ல. எண்ணிக்கை ஒன்று தொடங்கினால் அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. யன்னலோரமே வைத்தேன். மறுநாள் போய் வில்லையால் பார்த்தேன்.

நீலத்தில் இருபத்தெட்டு உயிருடன் இருந்தன. மஞ்சளில் இருபத்தேழு. பச்சையில் பதினெட்டு. கறுப்பில் ஒன்றும் இல்லை. சிவப்பில் நான்கு.

மூன்று முறை எண்ணினேன். நான்குதான். மற்றவை அடியில் சாம்பல் நிறப் பொடியோடு பொடியாகக் கிடந்தன. உயிருள்ள நான்கும் யன்னல் பக்கம் வரவில்லை. வில்லையை நெருக்கிப் பிடித்தபோது அவற்றின் கண்ணாடி உடம்பின் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. நீலத்துக் குஞ்சுகளில் அந்தக் கோடு இல்லை.

உடனே தொலைபேசி எடுத்தேன்.

"அது பசி மாமா. அதுகளுக்கு நாங்கள் சாப்பாடு போடேல்லை. இரண்டாம் நாள் எண்டால் பசியிலை சாகும்" என்றான்.

"பசி எண்டால் நீலத்திலும் சாக வேணுமே. மஞ்சளிலும் சாக வேணுமே."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"முறை இருபத்துநாலு மணித்தியாலம் மாமா. உலகம் முழுக்க அப்பிடித்தான் செய்யிறவை. அதுக்குப் பிறகு எண்ணுறது கணக்கிலை வராது."

"கணக்கிலை வராட்டிலும் செத்தது செத்ததுதானே?"

"ஓம் ஓம், நான் பாக்கிறன். நீங்கள் யோசியாதேங்கோ."

யோசித்தேன். அவன் தந்துவிட்டுப் போன புத்தகத்தையே எடுத்துப் படித்தேன். அந்தக் குஞ்சுகளுக்குப் பொரித்தவுடன் வாய் திறந்திராது. உடம்பில் உள்ள மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டு நீந்தும். ஒருமுறை தோல் கழற்றிய பிறகுதான் வாய் திறந்து, தண்ணீரில் மிதக்கும் எதையும் வடித்து விழுங்கும். அதாவது, முதல் நாள் அவை வெள்ளியைத் தின்னவே இல்லை. தின்னத் தொடங்கிய நாளில் நாங்கள் குப்பியைக் கழுவி வைத்துவிட வேண்டும் என்பது முறை. கறுப்புக் கோடு என்னவென்று எனக்கு விளங்கியது. அடுத்த முறை அவன் வந்தபோது இதை எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "நல்ல பொயின்ற் மாமா" என்றான். நான் திருப்திப்பட்டேன். நல்ல மாணவன் ஒருவன் அப்படிச் சொன்னால் ஆசிரியன் திருப்திப்படத்தானே செய்வான்.

இதெல்லாம் நடந்த காலத்தில் என் மனைவியின் வலது காலில் ஒரு புண் இருந்தது. அவளுக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி கூடும் நோய். இரண்டாவது விரலின் அடியில், செருப்பின் ஆணி குத்திய இடம் ஆறாமல் நின்றது. கிளினிக்கில் மருந்து கட்டிய வைத்தியர், இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒருநாள் சொல்லிவிட்டார். வீடு வந்து சேரும் வரை பஸ்ஸில் அவள் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த விரல் பிறப்பிலேயே பெருவிரலின் மேல் ஏறி இருக்கும். கல்யாணப் பேச்சின்போது அதை மறைக்கத் தன் தாய் சேலையை நீட்டிக் கட்டிவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பாள். அந்த விரலைத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

பிறகு ஒருநாள் புண்ணில் நாற்றம் இல்லை என்று கவனித்தேன். காய்ந்து, அழகாக இருந்தது. "என்ன போட்டனீர்?" என்று கேட்டேன்.

"உடுப்பிட்டி மச்சாள் பூவரசு எண்ணெய் காய்ச்சி அனுப்பினவ. அதைத்தான் பூசுறன்."

என் தங்கை எண்ணெய் காய்ச்சுகிறவள்தான். சந்தேகம் வரவில்லை. கிளினிக்கில் மருந்து கட்டப் போகவேண்டாமா என்று கேட்டேன். வீட்டில் கட்டலாம் என்று சொன்னார்கள் என்றாள். புண் காய்ந்திருந்தபடியால் அதையும் நம்பினேன். மருமகன் அடிக்கடி வந்தான். மாமியோடு குசினியில் கதைத்துக்கொண்டிருப்பான். நான் முன்னறையில் பத்திரிகை படிப்பேன். உள்ளே இருவரும் சிரிப்பது கேட்கும். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே இருந்தது.

காய்ந்த புண் மூடவில்லை. கிருமி இல்லை, சீழ் இல்லை, ஆனால் தோல் வரவில்லை. விளிம்பு மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகியது. துணியை அவிழ்த்தால் தேத்தண்ணிக் கறை. வெயிலில் காயப் போட்டால் அந்தக் கறை கறுக்கும். இதை நான் பார்த்தேன். பார்த்தும் எண்ணெயின் நிறம் என்று நினைத்தேன்.

ஒருநாள் மருமகன் என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்தான். வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் சிலர் அவனுடைய களிம்பைச் செய்து சந்தைக்குக் கொண்டுவர விரும்புகிறார்களாம். அவர்களுக்கு ஆய்வை விளக்கும் கூட்டம். "நீங்கள் வராமல் நடக்காது மாமா. வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வாங்கோ." மனைவியையும் வரச் சொன்னேன். கால் நோகும் என்று நின்றுவிட்டாள்.

நகரத்தில் ஒரு சிறிய மண்டபம். ஐந்து வரிசைக் கதிரை, வரிசைக்கு எட்டு. என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். மருமகன் கோட் போட்டிருந்தான். திரையில் பூவரசம் பூ, பிறகு எங்கள் வேலி, பிறகு தேத்தண்ணி நிறக் குப்பிகள். எங்கள் மேசை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வரைபடம் வந்தது. சிவப்புக் கம்பம் ஏறத்தாழ உச்சி வரை நின்றது. இந்த அளவில் நச்சுத்தன்மை இல்லை என்று சொன்னான். எண்ணியது யார் என்றும் சொன்னான். தன் மாமா, இரசாயன ஆசிரியர், அவருடைய எண்ணிக்கையில் பிழை வந்ததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் அடுத்த படத்துக்குக் காத்திருந்தேன். இரண்டாம் நாள் கம்பம் வரும் என்று நினைத்தேன். நல்ல பொயின்ற் என்றவன் அதைப் போடாமல் விடுவானா?

அடுத்து வந்தது ஒரு கால்.

சுவரளவு பெரிய கால். அடியில் சிவந்த புண். இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறி இருந்தது. காலை வைத்திருந்த முக்காலி என்னுடையது. அதன் உடைந்த மூலையில் நான் அடித்த தகரம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அதே கால், புண் காய்ந்து, சுத்தமாக. தானாக முன்வந்த ஒருவர் என்று மருமகன் சொன்னான். களிம்பு பூசிச் சில வாரங்களில் கண்ட முன்னேற்றம் என்றான். மீண்டும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர், "பாத்தியளே ஐயா, அற்புதம்" என்றார். விளிம்பு சாம்பலாகிய கால் திரையில் வரவில்லை. சாம்பலான விளிம்பை அன்று விடியத்தான் நான் துணி மாற்றும்போது பார்த்திருந்தேன்.

எழுந்து வந்துவிட்டேன். மருமகன் மேடையிலிருந்து என்னைப் பார்த்தான். சலம் கழிக்கப் போகிறார் என்று நினைத்திருப்பான்.

வீட்டுக்கு வந்து சேட்டையும் கழற்றாமல் அவள் முன்னால் நின்றேன்.

"இஞ்சேரும், காலைக் காட்டும்."

"ஏன், விடியப் பாத்தனீங்கள்தானே."

"உதுக்குப் பூசுறதை ஆர் தந்தது?"

"சொன்னனான்தானே, மச்சாள் காய்ச்சினது எண்டு."

"உம்மடை காலை இண்டைக்கு ஒரு மண்டபம் பாத்தது. சுவரளவிலை."

அவள் முகம் மாறியது. சேலைத் தலைப்பைத் திருகினாள். பிறகு கேட்டது இதைத்தான்: "முகமும் தெரிஞ்சதே?"

"இல்லை."

"அப்பச் சரி."

"என்ன சரி? அது எந்த மருந்தெண்டு தெரியுமே உமக்கு?"

"தெரியும். தம்பியின்ரை மருந்து. நான்தான் கேட்டனான். விரலை வெட்டப் போகினம் எண்டு அழுதனான். அவன் முதலிலை மாட்டன் எண்டவன். பிறகு கொண்டுவந்து தந்தவன். படம் எடுக்கட்டே எண்டு கேட்டவன், எடு எண்டனான். போன கிழமையும் எடுத்தவன்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் விடுவியளோ? சோத்துக்கு உப்புப் போடுறதுக்கே ஒன்பது கேள்வி கேக்கிற ஆள் நீங்கள்."

"எல்லாப் படியும் ஏறின பிறகுதான் மனிசருக்குப் போடலாம். அதை அவன்தான் எனக்குச் சொன்னவன். உம்மடை காலிலை ஒரே எட்டாய் எட்டியிருக்கிறான்."

"நீங்கள் எண்ணித்தானே போட்டது!" அவளும் குரலை உயர்த்தினாள். "மாமாவே எண்ணிப் பாத்தவர் மாமி, முப்பதுக்கு இருபத்தொன்பது உயிர் எண்டு அவன் சொன்னவன். உங்கடை எண்ணிக்கையை நம்பாமல் நான் வேறை ஆரை நம்புறது?"

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இரண்டாம் நாள் நாலுதான் மிஞ்சினது எண்டு சொன்னவனே?"

"இரண்டாம் நாளோ?" என்றாள். அவளுக்கு அப்படி ஒரு நாள் இருந்ததே தெரியாது.

அந்தக் குப்பிகள் எங்கள் முன்னறையில்தான் இருந்தன. இரண்டாம் நாள் நான் தொலைபேசியில் சத்தம் போட்டுக் கதைத்ததும் அந்த வீட்டில்தான். அவள் கோயிலுக்குப் போயிருந்திருப்பாள். நானும் திரும்ப ஒருமுறை அவளுக்குச் சொல்லவில்லை. செத்துப்போன புள்ளிகளைப் பற்றி அவளுக்கு என்ன அக்கறை என்று நினைத்தேன். அவளும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் எல்லாம் தெரிந்த ஒருவன் பணியாரம் தின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். புதிதாக வந்த ஒரு பெண் வைத்தியர் துணியை அவிழ்த்து நெடுநேரம் பார்த்தார். என்ன பூசினீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்றார். அளவு தெரியாமல் நெடுநாள் பூசினால் புண்ணை மூட வரும் புதுத் தோலையும் வளர விடாது என்றார்.

"அப்ப இது அதாலைதானோ டொக்டர்?"

"அப்பிடி நான் அடிச்சுச் சொல்லமாட்டன் ஐயா. சீனியும் கூடத்தான் இருக்கு. மருந்து கட்ட வராமல் விட்டதும் இருக்கு. எது எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது."

எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாத பதில் எனக்கு எப்போதும் பிடிக்காது. ஆனால் அந்த ஆண்டில் எனக்கு ஒருவர் சொன்ன நேர்மையான பதில் அதுதான்.

விரலை எடுத்தார்கள். விரலோடு நின்றது நல்லதென்று சொன்னார்கள்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் மருமகன் வந்தான். மோட்டார் சைக்கிளை ஒழுங்கையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். மாமியின் கட்டிலடியில் நின்று அழுதான். அவளும் அழுதாள், அவன் தலையைத் தடவிவிட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முன்னறைக்கு வரச் சொன்னேன்.

"மாமிக்கு நான் கெடுதல் நினைப்பனே மாமா?"

"நினைக்கமாட்டாய். அது தெரியும். சிவப்பு நூலின்ரை இரண்டாம் நாள் எண்ணிக்கை எங்கை?"

"இருபத்துநாலு மணித்தியாலம் எண்டதுதான் முறை. நான் ஒரு இடத்திலையும் பொய் சொல்லேல்லை."

"நீ சொல்லேல்லை. என்னைக் கொண்டெல்லோ சொல்லுவிச்சனி."

அவன் தலை குனிந்தான்.

"மருந்தைக் குடுத்தது மாமியின்ரை அழுகைக்கு எண்டு வைப்பம். படத்தை ஏன் எடுத்தனி? எடுத்தால், கடைசியாய் எடுத்ததை ஏன் காட்டேல்லை?"

 மேசையில், குப்பிகள் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் இன்னும் இருந்தது, கடல்நீர் காய்ந்த தடம். அதை அவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்டு செய். அந்த மண்டபத்திலை இருந்த ஆக்களுக்கு இரண்டாம் நாள் எண்ணிக்கையைச் சொல்லு. மாமியின்ரை காலின்ரை இண்டைய படத்தையும் அனுப்பு. பிறகு நீ தோலிலை சோதி, எலியிலை சோதி, நல்ல மருந்தாய்க் கொண்டு வா. வேலியிலை மரம் நிக்குது. இலையும் நான் பறிச்சுத் தாறன்."

"பாப்பம் மாமா" என்றான்.

எங்கள் பக்கத்தில் 'பாப்பம்' என்று சொன்னால் செய்யமாட்டேன் என்று பொருள், அது எல்லோருக்கும் தெரியும். இதுவரை அவன் அனுப்பியதாகத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்துக்கு வந்த ஒருவரின் தொலைபேசி இலக்கம் கேட்டு நானே சொல்லப் பார்த்தேன். அவர் மரியாதையாகக் கேட்டார். "வயசுக்கு நீங்கள் எவ்வளவு ஆர்வமாய் இருக்கிறியள் ஐயா" என்றார். மருமகன் என்னைப் பற்றி முன்கூட்டியே ஏதோ சொல்லி வைத்திருக்கிறான் என்று விளங்கியது. எண்ணும்போது பிழை விடாத மாமா, எண்ணியதைப் பற்றிக் கதைத்தால் வயதுபோனவர் ஆகிவிட்டார்.

விரல் எடுத்த இடம் இப்போது மெல்ல மூடி வருகிறது. துணி மாற்றுவது நான்தான். அவளுக்குக் குனிந்து அடிக்காலைப் பார்க்க முடியாது, இடுப்பு விடாது. அதனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்பாள். போன கிழமையும் கேட்டாள்.

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"ஒரு பச்சைப் பயறு அளவு. முந்தி உழுந்து வடையின்ரை ஓட்டை அளவு இருந்தது."

"விளிம்பு?"

"சிவப்பாய் இருக்கு. சாம்பல் இல்லை."

 அவள் மெதுவாக, என்னை நோகடிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் கேட்டாள்.

"உண்மையாய்த்தானே சொல்லுறியள்?"

கல்யாணம் செய்த நாளிலிருந்து அவள் என்னைக் கிண்டல் செய்திருக்கிறாள். சலித்திருக்கிறாள். என் எண்ணிக்கையை வைத்து ஊர் முழுக்கச் சிரிப்பு மூட்டியிருக்கிறாள். ஆனால் நான் ஒன்றை எண்ணிச் சொன்னால் அது சரியா என்று கேட்டதில்லை. மருமகன் எடுத்துக்கொண்டு போனது அதைத்தான். விரலைக்கூட வைத்தியர்கள் எங்களிடம் கேட்டுத்தான் எடுத்தார்கள்.

 எழுந்து போய், சவரம் செய்கிற கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். கட்டிலின் கால்மாட்டில் முக்காலியில் உட்கார்ந்து, அவளுடைய காலுக்கு அடியில் கண்ணாடியைச் சரித்துப் பிடித்தேன். வெளிச்சம் போதவில்லை. யன்னலை நன்றாகத் திறந்து, மறுபடியும் பிடித்தேன்.

"தெரியுதே?"

"கொஞ்சம் இந்தப் பக்கம்."

சரித்தேன்.

"இன்னும் கொஞ்சம். ஓம். பொறுங்கோ, அசையாதேங்கோ."

 மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் பார்த்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.